விளம்பரம் எழுதித் தரும் ‘நான்’

நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் செல்லும் சாலையில், பள்ளிப் பேருந்தின் சன்னலோரம் அமர்ந்திருக்கும் மாணவி, நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரப் பலகைகளை நாள்தோறும் இருமுறை கடக்கிறாள். அவள் அவற்றை ஊன்றிப் படிக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பொருள் புரியாத உருவங்களாயினும் அடிக்கடி கண்ணில் பட்டாலே அவற்றின்மீது விருப்பம் கூடுகிறது என்பதை உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968-இல் காட்டினார்.

இது எல்லா வயதினருக்கும் பொது. ஆனால், தான் யார் என்பதை வகுத்துக்கொள்வதே வளரிளம் பருவத்தின் தலையாய வேலை என்று உளவியலாளர் எரிக் எரிக்சன் விளக்கிய அந்த வயதில், பாராட்டோ பரிசோ கிடைக்கும்போது இன்பம் தரும் மூளையின் வெகுமதிப் பகுதிகள் மிகுந்த வேகத்துடன் இயங்க, தன்னைக் கட்டுப்படுத்த உதவும், நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதியோ இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், தாம் எடுத்த படத்துக்கு நிறைய லைக் விழுந்திருப்பதைக் கண்ட 13 முதல் 18 வயதினரின் வெகுமதிப் பகுதி தூண்டப்பட்டது; பிறர் படமாயினும், ஏற்கெனவே பலர் விரும்பியதையே அவர்களும் அதிகம் விரும்பினார்கள்.

சகவயதினரின் மதிப்புக்கான இந்த ஏக்கத்தைத்தான் விளம்பரம் பயன்படுத்துகிறது. அது முதலில் ஒரு குறையைச் சுட்டிக்காட்டி, பிறகே பொருளை நீட்டுகிறது. 1975-இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி கிரீமின் விளம்பரங்கள் இதற்குத் தெளிவான சான்று: மாநிறப் பெண் ஒதுக்கப்படுவாள், கிரீம் பூசுவாள், வேலையோ வரனோ கைகூடும். கடற்காற்றும் வெயிலும் மிகுந்த குமரி மாவட்டத்தில், விடுமுறைக்கு வந்த பேத்தியிடம் “என்ன மக்ளே, இப்படிக் கறுத்துப் போயிட்டியே” என்று பாட்டி பாசத்தோடுதான் கேட்கிறார். வீட்டில் கேட்ட அந்தச் சொல்லும் திரையில் கண்ட காட்சியும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தும்போது, தோலின் நிறம் அவள் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையின் முதல் வரியாகிவிடுகிறது. நிற வேறுபாட்டை விளம்பரம் உண்டாக்கவில்லை. ஆனால், அந்த வேதனையை விற்பனைக்குப் பயன்படுத்தியது மன்னிக்கத்தக்கதன்று. நிறத்தை வைத்து இழிவுபடுத்தக் கூடாதென்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2014-இல் நெறிமுறை வகுத்தது. 2020-இல் அந்தக் கிரீமின் பெயரே மாறியது.

இன்று பலகையின் இடத்தைக் கைப்பேசி பிடித்திருக்கிறது. சமூக ஊடகங்களில் பணம் பெற்றுப் பொருள்களைப் பரிந்துரைப்பவர்கள் அதை அறிவிக்க வேண்டும் என்ற நெறிமுறை 2021-இல் வந்தது. நல்லதுதான்; ஆயினும், அக்கா போலப் பழகிப் பேசும் ஒருவர் சொல்வது விளம்பரம் என்று தெரிந்தாலும், அவரோடு தன்னை ஒப்பிட்டுப் பார்க்கும் மனம் அதனால் நின்றுவிடுவதில்லை.

அதைவிட ஆழமாகச் செல்வது ஆய்வாளர்கள் லான் சாப்ளின், டெபோரா ஜான் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு. பொருள்களே மகிழ்ச்சி தரும் என்ற எண்ணம் 8–9 வயதைவிட 12–13 வயதில் மிகுந்து, 16–18 வயதில் குறைவதையும், தன்மதிப்பு அதற்கு எதிர்த்திசையில் நகர்வதையும் அவர்கள் கண்டார்கள். பிறகு, சகவயதினர் எழுதியதாகச் சொல்லப்பட்ட பாராட்டுச் சொற்கள் கொண்ட காகிதத் தட்டுகளைப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். அதைப் படித்த 12–13 வயதினரிடம் பொருள்மீதான நாட்டம் பெருமளவு தணிந்து, கிட்டத்தட்ட சிறுபிள்ளைகளின் அளவுக்கே இறங்கியது.