ரிவெர்ப் என்பது எதிரொலி அல்ல

வீட்டில் கிதாரும் குரலும் பதிவுசெய்யச் சொல்லித்தரும் தமிழ்க் காணொளிகளில் ரிவெர்ப் (ஒலி நின்றபின்னும் அறையில் நீண்டு தேய்வது) என்றாலே ‘எதிரொலி’தான். எக்கோவும் எதிரொலி, ஒலியைத் தாமதித்துத் திருப்பி ஒலிக்கும் டிலேயும் எதிரொலி. ‘குரலுக்குக் கொஞ்சம் எதிரொலி சேருங்கள்’ என்று கேட்டவர் எந்தக் குமிழைத் திருகுவார்? பெங்களூரில் இன்னொரு கூத்தும் உண்டு. ஆபீஸ் மீட்டிங்கில் ஒருவருடைய ஸ்பீக்கர் ஒலி அவர் மைக்கிலேயே புகுந்து திரும்பி வருகிறதே, அதுவும் ‘எக்கோ’. பகலில் அதைக் கேட்டுவிட்டு இரவில் அறைக்கு வந்து பாடிப் பதிவுசெய்பவர், ‘ரூம் எக்கோ அடிக்குது’ என்று எதிரொலி நீக்கும் மென்பொருளைத் தேடுகிறார். மீட்டிங்குக்கான அந்த வகை மென்பொருளின் வேலை ஸ்பீக்கரிலிருந்து மைக்குக்குத் திரும்பும் ஒலியைக் கழிப்பது. அறைச் சுவரில் பட்டு வரும் ஒலியை அது தொடாது.

சொல்லின் பிறப்பு சுருக்கமானதுதான். ரிவெர்ப் என்பது ரிவெர்பரேஷனின் குறுக்கம். லத்தீனில் ‘வெர்பெர்’ என்றால் சாட்டை. ‘ரெவெர்பெராரே’ என்றால் திருப்பி அடித்தல். எக்கோ கிரேக்கத்திலிருந்து வந்தது, ஒலி என்று பொருள். நம் எதிரொலி, எதிர் + ஒலி.

இனி வழக்குக்கு வருவோம். ஒரு ஒலியும் அது பட்டுத் திரும்பிய ஒலியும் தனித்தனியாகக் காதில் விழ, இடையில் சுமார் 0.1 நொடி வேண்டும். அதற்குச் சுவர் ஏறத்தாழ 17 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும் என்று பள்ளி இயற்பியலே சொல்கிறது. பெங்களூரின் மாரத்தஹள்ளியிலோ பி.டி.எம். லேஅவுட்டிலோ பிஜி விடுதி அறையின் நீளம் பத்தடி, அதாவது 3 மீட்டர். ஒலி சுவருக்குப் போய்த் திரும்ப 18 மில்லிநொடிகூட ஆகாது. ஆக, அந்த அறையில் எதிரொலி பிறக்கவே வழியில்லை. பிறப்பது வேறொன்று: நான்கு சுவர், மேல்தளம், டைல்ஸ் தரை, ஜன்னல் கண்ணாடி எல்லாவற்றிலும் பட்டுப் பட்டு, நூற்றுக்கணக்கான திரும்பல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, பிரித்தறிய முடியாத ஒரே இழைவாகித் தேய்கிற ஒலி.

ஐயமிருந்தால் ஒருமுறை கைதட்டிப் பதிவுசெய்து, அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எதிரொலியாக இருந்தால் முதல் கூர்முனைக்குப் பின் இடைவெளி விட்டு இரண்டாவது கூர்முனை நிற்கும். அறைப் பதிவில் அப்படி இருக்காது. முனைக்குப் பின்னால் புசுபுசுவென்று ஒரு சரிவு இறங்கும். அந்தச் சரிவுதான் ரிவெர்ப். அதை முதலில் முறையாக அளந்தவர் ஹார்வர்டின் வாலஸ் சபைன். 1895இல் ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அரங்கில் பேசுவது புரியவில்லை என்று, அதைச் சரிசெய்யும் வேலையை அவரிடம் ஒப்படைத்தார்கள். பேசிய சொல் அங்கே ஐந்தரை நொடி தங்கியது. பக்கத்து நாடக அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, ஆர்கன் குழலை ஊதி ஊதி நேரம் குறித்தார். ஒலி 60 டெசிபல் இறங்க ஆகும் நேரம் என்று இன்று நாம் சொல்லும் அளவு அவர் வேலையின் வழியே வந்தது.

‘சரி, பல எதிரொலிகள் சேர்ந்ததுதானே, தொடர் எதிரொலி என்போம்’ என்று ஒரு சமரசக் கட்சி உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பெயருக்குரியது கர்நாடகத்தின் விஜயபுரத்தில் (பீஜப்பூர்) இருக்கிறது. அங்கே உள்ள கோல் கும்பஸ் கல்லறை மாளிகையின் 44 மீட்டர் விட்டக் குவிமாடத்துக்குக் கீழே, கிசுகிசுப்பு மாடத்தில் நின்று ஒருமுறை தட்டினால், தட்டல் எண்ணும்படி மறுபடி மறுபடி வரும். அது தொடர் எதிரொலி. (ஐயமுள்ளவர்களுக்காகப் பெங்களூர் யஷ்வந்த்பூர் வழியாக அங்கே ரயிலே விட்டிருக்கிறார்கள்.) எண்ண முடிந்ததற்கும் எண்ண முடியாததற்கும் ஒரே பெயர் வைத்தால் பெயர் எதற்கு? பக்கத்தில் கன்னடத்தைப் பாருங்கள்: எதிரொலிக்குப் பிரதித்வனி, ரிவெர்புக்கு அனுரணன. இரண்டும் வடசொல்தான், இருந்தாலும் இரண்டாக வைத்திருக்கிறார்கள்.

‘ஒலியெச்சம்’ என்றும் ஒரு யோசனை உண்டு. பொருள் அருமை, ஒலி நின்றபின் எஞ்சுவது. ஆனால் ‘குரலில் எச்சம் அதிகம்’ என்று யாராவது எழுதினால் வாசகர் அண்ணாந்து புறாவைத் தேடுவார்.

நம் பாடநூல்களில் ஏற்கெனவே ‘எதிர்முழக்கம்’ இருக்கிறது. அதையே எடுப்பதில் என்ன தயக்கம் என்று புரியவில்லை. முழக்கம் என்றால் பேரிரைச்சல், மெல்லிய ரிவெர்புக்குப் பொருந்தாது என்பார்கள். எதிர்க்கட்சி ஊர்வலம் போல ஒலிக்கிறது என்றும் கேலி உண்டு. கோஷம் என்ற பொருள் மேடைகள் ஒட்டவைத்தது. கோயில் மணியை அடித்த நா விலகிய பிறகும் நீண்டு தேய்வதை முழக்கம் என்றுதானே சொல்கிறோம்? பேச்சில் ரிவெர்ப் என்றே சொல்லுங்கள், குற்றமில்லை. தவறான தமிழைவிடச் சரியான கடன்சொல் மேல்.

பெயர் பிசகினால் வைத்தியமும் பிசகும். எதிரொலி என்று நினைப்பவர் ‘எதிரே’ இருக்கும் சுவரைப் பார்த்து, மைக்குக்குப் பின்னால் முட்டை அட்டை ஒட்டுகிறார். முன்பக்க ஒலியைக் கூர்ந்து கேட்கும் கார்டியாய்ட் மைக் தன் முதுகுப்பக்கத்தை ஏறக்குறைய கேட்காது. பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரைத்தான் நேராகக் கேட்கும். கனத்த ரஜாயை (பஞ்சுப் போர்வை) அங்கே, சுவரிலிருந்து நாலைந்து அங்குலம் தள்ளித் தொங்கவிடவேண்டும். துணி அடைத்த அலமாரியைத் திறந்து வைத்து அதற்கு முதுகு காட்டி நின்று பாடினாலும் பலன் தெரியும். முட்டை அட்டையும் பவானி ஜமக்காளமும் மேல் அதிர்வெண்களை மட்டும் கொஞ்சம் தின்னும். அறை மந்தமாகும், கீழ் அதிர்வெண்கள் அப்படியே குமுறும். அதற்கு 4 அங்குல ராக்வூல் (பாறை இழை) பலகை போன்ற தடிமன் வேண்டும்.

கிதாருக்கு மைக்கைக் கழுத்தின் பன்னிரண்டாம் ஃபிரெட்டை (குறுக்குக் கம்பி) நோக்கி 20, 30 சென்டிமீட்டரில் வையுங்கள். ஒலித்துளைக்கு நேரே வைத்தால் உடலின் காற்றறை 100 ஹெர்ட்ஸ் பக்கம் பொம்மும். தள்ளி வைத்தால் அறை புகும். பதிவில் காதுக்குத் தெரியாத அறை, ஒலிகளைக் கலக்கும் மிக்ஸில் தெரியும்: கம்ப்ரஸர் குரலின் உச்சத்தை 6 டெசிபல் அழுத்தி, நாம் அந்த 6ஐத் திருப்பி ஏற்றினால், சொற்களுக்கிடையே கிடந்த அறைச்சரிவும் 6 டெசிபல் உயர்ந்துவிடும். அதன்மேல் செயற்கையான பிளேட் ரிவெர்ப் போட்டால் சேறுதான்.

பதிவு மென்பொருளின் மெனு மொழிபெயர்ப்பாளர்கள் எதிரொலியோடு நிற்கவில்லை. ‘டிகே’க்குச் ‘சிதைவு’ என்று ஒரு மொழிபெயர்ப்பு. யுரேனியத்துக்குத்தான் சிதைவு, ஒலி தேயும், ஆகவே தேய்வு நேரம். ‘டிரை’, ‘வெட்’ இரண்டும் ‘உலர்’, ‘ஈரம்’ ஆகி, குரலைக் கொடியில் காயப்போட்டிருக்கிறார்கள். மூல ஒலி, முழக்க ஒலி என்றால் போதும். ‘பிரீடிலே’யை ‘முன் தாமதம்’ என்கிறார்கள். எதற்கு முன்? முழக்கம் தொடங்குவதற்கு முன் விடும் இடைவெளி அது. ‘தொடக்க இடைவெளி’ என்றால் புதியவருக்கும் புரியும்.

இப்படிப் பிரித்துவிட்டால் குறிப்பு எழுதுவது எளிது. குரலுக்கு எதிர்முழக்கம்: தொடக்க இடைவெளி 30 மில்லிநொடி, தேய்வு நேரம் ஒன்றரை நொடி, முழக்க ஒலியில் மட்டும் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டு. எதிரொலி என்ற சொல்லை டிலேக்கு ஒதுக்குங்கள், அது அதற்கே உரியது: நிமிடத்துக்கு 90 தட்டு உள்ள பாட்டில் ஒரு தட்டுக்கு 667 மில்லிநொடி, அரைத் தட்டுக்கு 333, வரியின் கடைசிச் சொல் ஒருமுறையோ இருமுறையோ தெளிவாகத் திரும்பி வந்தால் போதும்.