லாபி: லாபத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை

மொரீஷியஸில், ரோஸ்ஹில் பக்கம் ஒரு மாலை வகுப்பில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் வேலைக்குப் போகிறவர்கள். வீட்டில் கிரியோல், அலுவலகத்தில் பிரெஞ்சும் ஆங்கிலமும், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் தமிழ். போன மாதம் ஒரு மாணவர் பிரெஞ்சு நாளிதழிலிருந்து ஒரு பத்தியைக் கத்தரித்துக் கொண்டுவந்தார். தமிழில் எழுதிப் பார்த்தாராம். 'லாபி சூக்ரியே' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டதாம். சூக்ரியே என்றால் சர்க்கரைக்காரர்கள், அது தெரிகிறது. லாபி?

"லாபம் பார்க்கிறவங்கதானே மிஸ் லாபி?" என்று அவரே விடையும் சொன்னார்.

உடனே தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரோகம் உள்ளவன் ரோகி, யோகம் பயில்பவன் யோகி. அந்தக் கணக்கில் லாபம் உள்ளவன் லாபியாகத்தான் இருக்க வேண்டும். ஒழுங்காகத் தமிழ் படிக்கிற பிள்ளை அப்படித்தான் யோசிக்கும். ஆனால் இந்தச் சொல் வந்த வழி வேறு.

லாபி முதலில் ஓர் இடத்தின் பெயர். பழைய ஜெர்மானிய மொழிகளில் இலை தழையால் வேய்ந்த நிழலிடத்துக்கு ஒரு சொல் இருந்தது. இன்றும் ஜெர்மன் மொழியில் 'லாவ்ப்' என்றால் தழை, 'லாவ்ப' என்றால் கொடிப்பந்தல். அந்தச் சொல்லை இடைக்கால லத்தீன் 'லோபியா' என்று எடுத்துக்கொண்டது. கூரை போட்ட நடைபாதை என்று பொருள். இத்தாலியரின் 'லோஜ்ஜா', பிரெஞ்சுக்காரரின் 'லோஜ்', ஆங்கிலத்தின் 'லாட்ஜ்' எல்லாம் இதே குடும்பம். நம் ஊர்களில் ரூம் போடுகிற லாட்ஜும் லாபியும் பங்காளிகள் என்று சொன்னபோது வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஆங்கிலத்தில் 16-ஆம் நூற்றாண்டில் இது மடாலயத்துச் சுற்றுநடையைக் குறித்தது. அப்புறம் பெரிய கட்டடங்களின் முன்கூடத்துக்கு வந்தது. 17-ஆம் நூற்றாண்டில் லண்டன் நாடாளுமன்றத்தில் உறுப்பினர்களும் வெளியார்களும் சந்தித்துக்கொள்ளும் கூடத்துக்கு அந்தப் பெயர் நிலைத்தது. அவைக்குள் போக வெளியாருக்கு உரிமை இல்லை. கூடம் வரை வரலாம். உறுப்பினர் வெளியே வரும்போது சட்டையைப் பிடிக்காத குறையாக நிறுத்தி, தன் காரியத்தைச் சொல்லலாம். இடத்தின் பெயர் அங்கே நின்றவர்களின் பெயராகவும், பிறகு அவர்கள் செய்த வேலையின் பெயராகவும் மாறியது அமெரிக்காவில். நியூயார்க் மாநிலத்தின் தலைநகரான ஆல்பனியில், 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே சட்டமன்றக் கூடத்தில் காத்துக்கிடந்து காரியம் முடிப்பவர்களை 'லாபி ஏஜென்ட்' என்று அழைத்தார்கள். வங்கிக்கு உரிமம், கால்வாய்க்கு அனுமதி, ரயில் பாதைக்கு நிலம் என்று அங்கே கேட்டுவாங்க வேண்டியவை நிறைய இருந்தன. அதிபர் கிராண்ட் வாஷிங்டனில் ஒரு ஹோட்டல் லாபியில் சுருட்டுப் பிடிக்க உட்காருவார், அவரைச் சூழ்ந்தவர்களால்தான் இந்தப் பெயர் வந்தது என்று இணையத்தில் அடிக்கடி எழுதுகிறார்கள். அது சரியல்ல. கிராண்ட் அதிபரானது 1869-இல். சொல் அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே புழங்கிவிட்டது.

தமிழ் ஏடுகளில் லாபி வேறொரு பக்கம் திரும்பியிருக்கிறது. 'டெல்லி லாபி', 'கேரள லாபி' என்று எழுதும்போது அது கோஷ்டி என்ற பொருளில் வருகிறது. கொள்கையை மாற்றச் சொல்லி அரசை அணுகுவது என்ற நடுப்பொருள் அதில் காணாமல்போய்விடுகிறது.

சரி, சர்க்கரைக்கு வருவோம். இந்தத் தீவில் லாபியைச் சர்க்கரை இல்லாமல் விளக்க முடியாது. நம் முன்னோர் இங்கே வந்ததையும் அப்படித்தான்.

தலைநகர் போர்ட் லூயியில் 'கம்பெனித் தோட்டம்' என்ற பூங்காவுக்குப் போனால் அத்ரியன் தெப்பினே என்பவரின் சிலை நிற்கும். அடிமைகளை வைத்திருந்த தோட்ட முதலாளிகள் 1830-இல் தங்கள் சார்பில் லண்டனுக்கு அனுப்பிய வழக்கறிஞர் அவர். தீவின் சட்டங்களை இயற்றும் சபையில் முதலாளிகளுக்கு இடம் வேண்டும், அடிமை முறையை ஒழித்தால் எங்களுக்கு இழப்பீடு வேண்டும் என்று, அன்று தீவை ஆண்ட பிரிட்டிஷ் அரசின் அமைச்சகக் கதவுகளைத் தட்டினார். இரண்டும் கிடைத்தன. 1835-இல் இங்கே அடிமை முறை ஒழிந்தபோது முதலாளிகளுக்கு ஏறத்தாழ 20 லட்சம் பவுன் இழப்பீடு வந்தது. விடுதலையானவர்களுக்கு ஒரு பென்னியும் வரவில்லை. இந்தத் தீவின் முதல் பெரிய லாபி எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அப்புறம் நம் கதை. 1834-இலிருந்து இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் வரத் தொடங்கினார்கள். அவர்கள் நடத்தப்பட்ட விதம் பற்றிக் கூச்சல் எழுந்து 1830-களின் கடைசியில் ஆளனுப்புவது நிறுத்தப்பட்டது. கரும்பு வெட்ட ஆளில்லை என்று முதலாளிகள் லண்டனுக்கு ஓயாமல் எழுதினார்கள், ஆள்விட்டுப் பேசினார்கள். 1842-இல் தடை விலகியது. 1843 ஓர் ஆண்டில் மட்டும் 30,000 பேருக்கு மேல் கப்பலிறங்கினார்கள். சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்களும் அதில் உண்டு. எங்கோ ஒரு மேசையில் நடந்த பேச்சில் எத்தனை குடும்பங்களின் ஊரும் பேரும் மாறிப்போயின என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கும்.

1867-இல் வந்த தொழிலாளர் சட்டத்தைப் பாருங்கள். ஒப்பந்தம் முடித்தவர்களும் புகைப்படம் ஒட்டிய சீட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் நாடோடி என்று பிடித்துப்போவார்கள். முதலாளிகளின் ஆட்கள் உட்கார்ந்திருந்த சபை நிறைவேற்றிய சட்டம் அது. அதை எதிர்த்து 1871-இல் அதோல்ஃப் தெ பிளெவிட்ஸ் என்பவர் துணையோடு ஒரு மனு எழுந்தது. பழைய கூலிகள் 9,401 பேர் அதில் பெயர் கொடுத்தார்கள். அதன்பின் 1872-இல் லண்டனிலிருந்து விசாரணை ஆணையம் வந்தது.

இந்த இடத்தில்தான் நான் வகுப்பில் கரும்பலகையை இரண்டாகப் பிரித்தேன். 9,401 பேர் செய்தது லாபியா? இல்லை. தங்கள் பெயரைத் தாளில் போட்டு, யாரும் படிக்கலாம் என்று வெளியே வைத்தார்கள். அதற்குத் தமிழில் பழுதில்லாத சொல் இருக்கிறது: முறையீடு. முதலாளிகளுக்கு அப்போது முறையீடும் தேவையில்லை, உள்ளூரில் லாபியும் தேவையில்லை. அவர்கள் அவைக்குள்ளேயே இருந்தார்கள்.

அவர்கள் கூடத்துக்கு வர நேர்ந்தது அவையில் இடம் குறைந்த பிறகு. 1948 தேர்தலில், இங்கே புழங்கும் மொழிகளில் எதிலாவது எளிய வாக்கியம் எழுதப் படிக்கத் தெரிந்தால் வாக்குண்டு என்று ஆனது. தமிழும் அந்த மொழிகளில் ஒன்று. என் தாத்தா கரும்பு வெட்டிவிட்டு வந்து, அரிக்கேன் விளக்கில் ஒரே வாக்கியத்தை மாதக்கணக்கில் எழுதிப் பழகினார் என்று பாட்டி சொல்லுவார். 'நான் இந்த ஊரில் வாழ்கிறேன்.' அந்த வாக்கியம் அவருக்கு வாக்குரிமை வாங்கிக்கொடுத்தது. 1959-இல் வயதுவந்த எல்லோருக்கும் வாக்கு வந்தது. அவை நம்மவர்களும் உட்காரும் இடமாயிற்று. முதலாளிகளின் அமைப்புகள் அதற்காகக் கலைந்துவிடவில்லை. வணிகர் சபை 1850-இலிருந்தும் விவசாயச் சபை 1853-இலிருந்தும் இருந்தன. 1970-இல் தனியார் துறைக்கே பொதுவான தலைமைக் குழு ஒன்று உருவானது. 2015-இல் அது முதலாளிகள் கூட்டமைப்போடு சேர்ந்து 'பிஸினஸ் மொரீஷியஸ்' ஆயிற்று. பட்ஜெட்டுக்கு முன்னால் நிதியமைச்சருக்கு அறிக்கை கொடுப்பது, ஊதியப் பேச்சில் அரசு, தொழிற்சங்கம் ஆகியவற்றோடு உட்காருவது என்று இவர்களின் பணி வெளிப்படையாகவே நடக்கிறது. வெளியே தெரியாத பேச்சும் இருக்கும்.

லாபி என்றாலே லஞ்சம் என்று நினைப்பதும் பிழை. சர்க்கரை ஏற்றுமதி வரியை எடுக்கச் சொல்லித் தோட்ட முதலாளிகள் நெடுங்காலம் கேட்டார்கள். 1994-இல் அரசு எடுத்தது. பதிலுக்கு ஆலை நிறுவனங்களில் 20 சதவீதப் பங்கைத் தொழிலாளர்களுக்கும் சிறு விவசாயிகளுக்கும் ஓர் அறக்கட்டளை வழியாகத் தர வைத்தது. கேட்டவரும் கொடுத்தார், கொடுத்தவரும் கேட்டார். ஐரோப்பாவில் நம் சர்க்கரைக்கு 1975-இலிருந்து உறுதியான விலையும் ஆண்டுக்கு 5 லட்சம் டன்னை ஒட்டிய ஒதுக்கீடும் கிடைத்ததும் இப்படிப்பட்ட பேச்சால்தான். அந்த விலையில் கூலித் தொழிலாளியின் வீட்டிலும் அடுப்பெரிந்தது. 2006-இலிருந்து ஐரோப்பா விலையை 36 சதவீதம் குறைத்தபோது எத்தனை ஆலைகள் மூடின என்பது ஊரறிந்தது.

இப்போது தமிழ்ச் சொல். அகராதிகளில் 'பரப்புரை' என்று பார்த்திருக்கிறேன். எனக்கு ஒப்பவில்லை. பரப்புரை ஊரைப் பார்த்துச் செய்வது. இது கையெழுத்துப் போடுகிற ஒருவரைப் பார்த்துச் செய்வது. 'ஆதரவு திரட்டல்' பரவாயில்லை, ஆனால் கட்சிக்காரர் வாக்குக் கேட்பதும் ஆதரவு திரட்டல்தான். 'தரகு' என்றால் திட்டிவிட்டதாக ஆகும். 'சிபாரிசு' தனி ஆளுக்கு வேலை வாங்குகிற சங்கதி. அதற்கு நம் கிரியோலில் 'பேக்கிங்' இருக்கிறது. சொந்த ஆதாயத்துக்காகக் கட்சி கட்சியாகச் சுற்றுகிறவரை 'ரோதேர் பூட்' என்போம். அவரும் லாபிக்காரர் அல்லர்.

'அழுத்தக் குழு' நல்ல சொல். ஆனால் அது எல்லா லாபிக்கும் பொருந்தாது. 1998-இல் இங்கே புதிய ரூபாய்த் தாள்களில் தமிழ் வரியை இந்திக்குக் கீழே இறக்கினார்கள். அதுவரை ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ். தமிழ்ச் சங்கங்களும் கோயில்களும் எழுந்து நின்றன. அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்று, 1999-இல் பழைய வரிசையில் மறுபடி அச்சிட்டார்கள். அன்று வேலை செய்தது எண்ணிக்கை, குரல், தெரு. அது அழுத்தம். சர்க்கரைக்காரர்களுக்குத் தெரு தேவையில்லை. அவர்களிடம் இருப்பது நெருக்கம். அமைச்சரின் தொலைபேசி எண், அறிக்கை எழுதித்தரும் பொருளியலாளர், சொன்னால் கேட்கப்படும் என்ற நம்பிக்கை. இதையும் சொல்லியாக வேண்டும்: நம் சங்கங்களும் தேர்தல் வந்தால் 'நம் ஆளுக்கு டிக்கெட்' என்று தலைவர்களின் அறைக்குள் போய்ப் பேசுகின்றன. அப்போது அவையும் அழுத்தத்தை விட்டு நெருக்கத்துக்கு மாறிவிடுகின்றன.

நெருக்கம் என்பதுதான் சாவி என்று தோன்றியதும் எனக்குத் தஞ்சைப் பெரிய கோயில் நினைவுக்கு வந்தது. கோபுர வாயில்கள் ஊருக்கெல்லாம். உள்ளே 'அணுக்கன் திருவாயில்' என்று வேறொரு வாயில் உண்டு. நெருக்கமானவர்களுக்கு உரியது என்று பெயரே சொல்கிறது. அணுக்கம் என்றால் அருகில் இருத்தல். சோழர் காலத்திலேயே புழங்கிய சொல். யாரையும் திட்டவில்லை, எதையும் மறைக்கவும் இல்லை.

எனவே என் பரிந்துரை இது. இடத்தைக் குறிக்கும் லாபிக்கு 'முன்கூடம்'. பழைய வீடு தெரிந்தவர்களுக்கு 'இடைகழி' இன்னும் இனிக்கும். செயலுக்கு 'அணுக்கம் தேடுதல்'. கூட்டத்துக்கு 'அணுக்கக் குழு'. ஆளுக்கு 'அணுக்கர்'. செய்தித் தலைப்பில் லாபி என்றே போட்டாலும் குற்றமில்லை, வாசகருக்குப் புரியும். ஆனால் கட்டுரையின் உள்ளே ஒருமுறையாவது அணுக்கக் குழு என்று எழுதி, யாருடைய குழு, யாரிடம், எதற்காக என்ற மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். பிரெஞ்சுச் சட்டம் 2016-இல் இதைத்தான் செய்தது. லாபி என்ற சொல்லை விட்டுவிட்டு 'நலன்களின் பிரதிநிதி' என்று பெயர் வைத்து, அவர்கள் பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும் என்றது.

வகுப்பு முடியும் நேரத்தில் அந்த மாணவர் தன் வாக்கியத்தை எழுதிக் காட்டினார்: 'சர்க்கரை முதலாளிகளின் அணுக்கக் குழு ஏற்றுமதி வரியை நீக்குமாறு நிதியமைச்சரிடம் அணுக்கம் தேடியது.' நன்றாக இருக்கிறது என்றேன். அதற்குக் கீழே, நான் கேட்காமலே, இன்னொன்று எழுதினார்: '1871-இல் 9,401 பேர் ஆளுநரிடம் முறையிட்டார்கள்.' 'ஆளுநரிடம்' என்பதில் ளகரத்துக்கு லகரம் போட்டிருந்தார். திருத்திக் கொடுத்தேன்.