பக் என்றால் வழு

"அண்ணா, இது பக்கா?"

"பக்கா பக்."

பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தச் சிலேடை புளித்துப்போயிருக்கும். நான் டெஸ்டிங்கில் இருக்கிறேன். அடுத்தவர் எழுதிய நிரலில் ஓட்டை கண்டுபிடித்து, அதை அவரே ஒப்புக்கொள்ளும்படி செய்வதுதான் பிழைப்பு. இதில் கண்டுபிடிப்பது சுலபம். ஒப்புக்கொள்ள வைப்பதற்குத்தான் சம்பளம்.

சில மாதங்களுக்கு முன் உறுப்பினர் அட்டை அச்சடிக்கும் ஒரு செயலியைச் சோதித்துக்கொண்டிருந்தேன். பெயரைத் தமிழிலும் அச்சடிக்க வேண்டும். சோதனைக்கு நான் எப்போதும் போடும் பெயர் மீனாட்சிசுந்தரம். அட்டையில் வந்தது 'மீனாட்சிசுந்தரம'. கடைசிப் புள்ளியைக் காணோம்.

நிரல் எழுதிய தம்பி அசரவில்லை. "ஸ்பெக்ல பேருக்கு 15 கேரக்டர்னு போட்டிருக்குண்ணா. அதுக்கு மேல வெட்டிடும். சரியாத்தானே வேலை செய்யுது?"

விரல்விட்டு எண்ணினேன். மீ, னா, ட், சி, சு, ந், த, ர, ம். ஒன்பதே எழுத்து. ஆனால் கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுத்து வைத்திருக்கும் யூனிகோடு முறை நம்மைப் போல எண்ணுவதில்லை. அதன் கணக்கில் 'மீ' என்பது மகரமும் ஈகாரக் குறியுமாக இரண்டு. 'ட்' என்பது டகரமும் புள்ளியுமாக இரண்டு. இப்படிக் கூட்டினால் மொத்தம் 16 வருகிறது. பதினாறாவதாக வரிசையில் நின்றது மகரத்தின் தலைமேல் இருந்த புள்ளி. வாசற்கதவைச் சாத்தியதும் அது வெளியே நின்றுவிட்டது.

"அப்படித்தான் வடிவமைப்பு" என்று குறித்து, இந்தக் குறைக்காக நான் பதிவுசெய்திருந்த டிக்கெட்டை மூடிவிட்டான் தம்பி. அன்று மாலை டீக்கடையில் தொடங்கிய வாக்குவாதம்தான் இந்தச் சொல்லைத் துருவ வைத்தது. பக் என்றால் உண்மையில் என்ன? அதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

முதலில் பொருள். மூன்றைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். எழுதுகிற ஆள் செய்வது தவறு. அந்தத் தவறால் நிரலுக்குள் போய் உட்கார்ந்துகொள்வது பக். அது வெளியே தெரியும்படி ஒருநாள் செயலி கவிழ்ந்தால் அது செயலிழப்பு. தவறு நடந்த நாளுக்கும் கவிழ்ந்த நாளுக்கும் நடுவே பல வருடம் ஓடியிருக்கலாம். அவ்வளவு காலமும் பக் அமைதியாக உள்ளே இருக்கும். போன் கீழே விழுந்து திரை நொறுங்கினால் அது பக் இல்லை, பழுது. 'என் போன்ல பக்' என்று சர்வீஸ் கடையில் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பழுதைத்தான் சொல்கிறார்கள்.

சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கணினி படித்த எவரும் ஒரு அந்துப்பூச்சியின் கதையைச் சொல்வார்கள். 1947 செப்டம்பர் 9, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணினி. அது ரிலே எனப்படும் மின் சுவிட்சுகளால் ஆன ராட்சத எந்திரம். எஃப் பலகையில் 70-ஆம் ரிலேக்குள் ஒரு அந்துப்பூச்சி அகப்பட்டுக் கிடந்தது. அதை எடுத்துப் பதிவேட்டில் செலோடேப்பால் ஒட்டிவைத்தார்கள். அந்தப் பக்கம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, பூச்சியோடு. அந்தக் குழுவில் இருந்த கிரேஸ் ஹாப்பர் இந்தக் கதையை ஊர் ஊராகச் சொன்னதால், பூச்சியைப் பிடித்தவரே அவர்தான் என்று பலர் எழுதிவிட்டார்கள். அவர் பிடிக்கவில்லை, பரப்பினார்.

பதிவேட்டில் பூச்சிக்குக் கீழே எழுதியிருப்பதைக் கவனியுங்கள்: பக் ஒன்று நிஜமாகவே அகப்பட்ட முதல் நிகழ்வு இது என்கிறது அந்த வரி. 'நிஜமாகவே' என்ற சொல்லில்தான் சிரிப்பு இருக்கிறது. ஏற்கெனவே பழுதுகளை பக், பக் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் கையில் உண்மையான பூச்சியே கிடைத்த வேடிக்கை அது. சொல் அன்று பிறந்திருந்தால் அந்த நகைச்சுவைக்கு இடமே இல்லை.

உண்மையில் அந்தச் சொல் அதைவிட ஏறக்குறைய எழுபது வருடம் பழையது. தாமஸ் எடிசன் 1878-இல் எழுதிய கடிதத்தில், புதிதாக ஒன்றைச் செய்யும்போது தலைகாட்டும் சின்னச் சின்னக் குறைகளை 'பக்' என்று அழைப்பார்கள் என்று எழுதியிருக்கிறார். 'அழைப்பார்கள்' என்பதால் அவரும் உண்டாக்கியவரில்லை.

இன்னும் பின்னால் போனால் பூச்சியே மறைந்துவிடுகிறது. இடைக்கால ஆங்கிலத்தில் 'பக்' என்பது பேய், பூதம், பிள்ளைகளைப் பயமுறுத்தும் உருவம். 1535-இல் வந்த கவர்டேலின் ஆங்கில விவிலியத்தில் 91-ஆம் சங்கீதம், இரவில் வரும் 'பக்'குகளுக்கு அஞ்சாதே என்கிறது. தமிழ் விவிலியத்தில் அதே இடத்தில் இருப்பது 'பயங்கரம்'. பூச்சி என்ற பொருள் ஆங்கிலத்தில் அதற்குப் பிறகு வந்து ஒட்டியதுதான்.

ஆக அந்தப் பழைய பொருளுக்கு நேர்த்தமிழ் பூச்சாண்டி! நம் பேச்சிலும் 'பூச்சி காட்டுறான்' என்றால் பயமுறுத்துகிறான் என்றுதானே பொருள். இரண்டு மொழிக்கும் தொடர்பு இருக்கிறது என்று கிளம்பிவிடாதீர்கள், தற்செயல்தான். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குத் தலைகாட்டி, மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டும்போது மறைந்துகொள்ளும் ஒன்றுக்குப் பூச்சாண்டி என்பது பொருந்தாத பெயரா என்ன?

இனி தமிழ். மூன்று சொல் புழங்குகின்றன.

'பூச்சி' என்று நேராகப் பெயர்த்தவர்கள் உண்டு. தமிழில் பூச்சி அரிக்கும், கடிக்கும், மருந்தடித்தால் சாகும். நிரலுக்குள் எதுவும் நுழையவில்லை. உள்ளே இருப்பது முழுக்க நாம் எழுதியது. பூச்சி என்றால் பழி வேறெங்கோ போய்விடுகிறது. தள்ளிவிடலாம்.

'பிழை' பரவலாக இருக்கிறது. நல்ல சொல்தான். ஆனால் திரையில் சிவப்பில் வரும் 'எரர்' செய்திக்கு அது ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது. எழுத்துப்பிழை என்று சொல்லிச் சொல்லி, பார்த்தவுடன் தெரிகிற குற்றம் என்ற சாயலும் அதற்கு ஏறிவிட்டது. நிரலில் அரைப்புள்ளி விட்டுப்போனால், அதை எந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரே காட்டிக்கொடுத்துவிடும். அது பிழை. பக் அப்படிக் காட்டிக்கொடுக்கப்படுவதில்லை.

மூன்றாவது 'வழு'. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் இதைத்தான் எழுதுகிறார்கள். என் ஓட்டும் இதற்கே.

வழுவுதல் என்றால் நழுவுதல், தவறுதல். வழுக்கு, வழுக்கல் எல்லாம் அதன் உறவு. கால் வைத்த இடம் சரிதான் என்று நினைத்து வைத்தது, சறுக்கிவிட்டது. வேண்டுமென்று யாரும் வழுக்குவதில்லை. புறநானூற்றின் 34-ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார், 'வழுவாய் மருங்கில் கழுவாயும் உள' என்கிறார். தவறு செய்தவர்க்கும் அதைக் கழுவிக்கொள்ள வழி உண்டு என்பது அங்கே பொருள். அவர் பேசுவது பெரும் பாவங்களைப் பற்றி; நான் அதை வழுவுக்கும் அதைச் சரிசெய்யும் பேட்ச்சுக்கும் எதுகையாக இழுக்கிறேன் என்றால் மன்னிக்கலாம். வழுவாய், கழுவாய். எங்கள் வாராந்திர வெளியீட்டுக் குறிப்புக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைக்காது.

ஆனால் வழுவை நான் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் இலக்கணம். பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்துபோனதுதான். பவணந்தியின் நன்னூல் சொல்கிறது: 'திணையே பால்இடம் பொழுது வினாஇறை மரபாம் ஏழும் மயங்கினாம் வழுவே.' இறை என்றால் விடை. 'நேற்று வருவான்' என்ற தொடரைப் பாருங்கள். நேற்று சரி. வருவான் சரி. ஒரு எழுத்தும் தப்பில்லை. சேர்த்தால் மட்டும் பொருந்தவில்லை. பக் என்பதும் அச்சாக இதுதான். ஒவ்வொரு வரியும் கம்பைலரைத் தாண்டிவிடும், ஒன்றோடொன்று மயங்கி நிற்கும். 15 என்ற அளவு சரி, மீனாட்சிசுந்தரம் என்ற பெயரும் சரி, இரண்டும் சந்தித்த இடத்தில்தான் புள்ளி விழுந்தது.

அந்த ஏழையும் கைப்பேசியிலேயே தேடி எடுக்கலாம். 'அம்மா நீக்கப்பட்டது' என்று தொடர்புப் பட்டியல் சொன்னால் திணை வழு. '1 புதிய செய்திகள்' பால் வழு. 'உங்கள் என் கணக்கு பக்கத்துக்குச் செல்லவும்' இட வழு. 'பார்சல் நேற்று வந்துசேரும்' கால வழு. 'ஆர்டரை ரத்து செய்யவா?' என்று கேட்டு, கீழே 'சரி', 'ரத்து' என்று இரண்டு பொத்தான் வைத்தால் வினா வழு; எதை அழுத்தினால் எது ரத்தாகும் என்று கடவுளுக்கே தெரியாது. பணம் போய்விட்டது, ரீசார்ஜ் ஏறவில்லை என்று அரட்டைப் பெட்டியில் புலம்பினால் 'புதிய திட்டங்களைப் பார்க்க 1 அழுத்தவும்' என்கிறதே, அது விடை வழு. வாங்கும் சாமானை 'வண்டியில் சேர்' என்பது மரபு வழு. கடைக்குள் நமக்குக் கூடைதான் வழக்கம்.

1990-களின் கடைசியில் வந்த ஒய்-டூ-கே பெரும் கால வழு. நினைவகம் மிச்சம் பிடிக்க வருடத்தை இரண்டு இலக்கத்தில் எழுதிவைத்ததால் 2000-க்கும் 1900-க்கும் வித்தியாசம் தெரியாமல் போனது. அதைச் சரிசெய்யக் 'கோபால்' தெரிந்தவர்களைத் தேடி அலைந்தார்கள். ஆள் பெயரில்லை, கணினி மொழி. அதன் பிறப்பிலும் ஹாப்பருக்குப் பங்கு உண்டு. நம்மூர் ஐடி நிறுவனங்கள் பலவற்றுக்கு அந்த வேலைதான் வெளிநாட்டுக் கதவைத் திறந்தது. அடுத்ததற்கும் தேதி குறித்தாயிற்று. 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை 32 பிட்டில் எண்ணிவரும் பழைய நிரல்களுக்கு 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடியோடு எண் தீர்ந்துவிடும். பொங்கல் விடுமுறை முடிந்து அலுவலகம் போகிற நேரம்.

இதெல்லாம் இருக்கட்டும். இலக்கணத்தில் வழாநிலை (வழுவில்லாதது), வழு என்ற இரண்டோடு மூன்றாவதாக ஒன்று உண்டு: வழுவமைதி. வழுதான்; ஆனால் ஒரு காரணம் பற்றி, பெரியோர் ஏற்றுக்கொண்ட வழு. மகளை 'வாடா கண்ணா' என்று அம்மா கொஞ்சுவதும், வீட்டுப் பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்பதும் அந்த வகை.

எங்கள் தொழிலில் இதற்குச் சரியான சொல்லே கிடையாது. 'தெரிந்த சிக்கல்', 'திருத்தப்போவதில்லை', 'அதுதான் வசதியே' என்று ஆளுக்கொன்று சொல்லி மழுப்புகிறோம். எக்செல்லைத் திறந்து ஒரு கட்டத்தில் 60 என்று அடித்து, அதைத் தேதியாக மாற்றிப் பாருங்கள். 1900 பிப்ரவரி 29 என்று காட்டும். அப்படி ஒரு நாள் இருந்ததே இல்லை. 1900 லீப் வருடமில்லை. எக்செல்லுக்கு முன்பு கொடிகட்டிப் பறந்த கணக்குத்தாள் மென்பொருளான லோட்டஸ் 1-2-3 அந்த வருடத்தை லீப் என்று தப்பாக எடுத்துக்கொண்டது. அதன் கோப்புகள் எக்செல்லிலும் பிசகாமல் திறக்க வேண்டுமென்று மைக்ரோசாஃப்ட் தெரிந்தே அந்தத் தப்பையும் வாங்கிக்கொண்டது. இப்போது திருத்தினால் உலகம் முழுக்க உள்ள தாள்களில் தேதிகள் ஒருநாள் நகரும். அதனால் இல்லாத நாள் இன்னும் இருக்கிறது.

இன்னொன்று, நீங்கள் தினமும் அனுப்பிக்கொண்டிருப்பது. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும்போது, எங்கிருந்து வருகிறீர்கள் என்று உலாவி தெரிவிக்கும் ஹெடர் வரிக்கு 'ரெஃபரர்' என்று பெயர். ஆங்கிலத்தில் நடுவே இரண்டு 'ஆர்' வரவேண்டும். இணையப் பக்கங்கள் வந்துபோகும் விதிமுறையான ஹெச்டிடிபிக்கு 1996-இல் வெளியான ஆவணத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதற்குள் உலாவிகளும் வழங்கிகளும் அப்படியே எழுதப் பழகிவிட்டன. இன்று சரியாக எழுதினால்தான் வேலை செய்யாது. அந்தத் தகவலில் எவ்வளவு அனுப்பலாம் என்று சொல்ல, பின்னால் வந்த 'ரெஃபரர் பாலிசி' ஹெடரில் எழுத்தைச் சரியாகப் போட்டார்கள். இப்போது இரண்டு விதமும் நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது.

புழக்கத்துக்கு வருவோம். பேச்சில் 'பக்' என்றே சொல்லுங்கள், ஒன்றும் குடிமுழுகாது, நானும் அப்படித்தான். எழுதும்போது வழு. டீபக் செய்வது வழுநீக்கம். பக் ரிப்போர்ட் வழுவறிக்கை. பக் பவுன்டிக்கு வழுப்பரிசு என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. வழுவைக் கண்டுபிடித்துச் சொல்கிறவர்களுக்கு நிறுவனம் தரும் பரிசு அது; நெட்ஸ்கேப் என்ற உலாவி நிறுவனம் 1995-இல் அப்படி ஒன்றை அறிவித்தது. 2019-இல் இன்ஸ்டாகிராமின் கடவுச்சொல் மீட்பில் ஒரு வழுவைக் கண்டுபிடித்த சென்னைக்காரர் ஒருவருக்கு 30,000 டாலர் கிடைத்தது. எனக்கு இதுவரை கிடைத்தது டீ.

அந்த டீக்கடையில்தான் வழுவமைதியைப் பற்றித் தம்பியிடம் சொன்னேன். கண்ணில் ஒரு வெளிச்சம். "சூப்பர்ணா. அப்போ நம்ம டிக்கெட்டை வழுவமைதின்னு போட்டு மூடிடலாம்ல?"

"வழுவமைதிக்குக் காரணம் காட்டணும்டா. உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்புன்னு நன்னூல் அஞ்சு சொல்லுது. இதுல எது உன்னோடது?"

"செறல்னா?"

"கோபம்."

கொஞ்சம் யோசித்தான். "அதுதாண்ணா. டெட்லைன் மேல" என்றவன், அங்கேயே போனை எடுத்து டிக்கெட்டைத் திரும்பத் திறந்தான்.