400 கேமும் எங்கே இருக்கிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பையனுக்கு '400 இன் 1' கேம் பாக்ஸ் வாங்கினேன். ஐந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. மெமரி கார்டு இல்லை, நெட் இல்லை. 400 கேம் எப்படி சார் இதுக்குள்ள அடங்குது?"

என்னிடமும் ஒன்று இருக்கிறது. கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு சின்ன போர்டு, பழைய நோக்கியா போனில் வரும் அதே வடிவ பேட்டரி, போர்டின் நடுவே தார் சொட்டிக் காய்ந்ததுபோல ஒரு கருப்புப் பொட்டு. அந்தப் பொட்டுக்கு அடியில்தான் சில்லு (சிப்) இருக்கிறது. செலவைக் குறைக்க, சில்லை நேரடியாக போர்டில் ஒட்டி மேலே பிசின் ஊற்றிவிடுவார்கள்.

1983-இல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் என்ற வீடியோ கேம் கருவியின் நகல் அந்தச் சில்லு. அன்று பல சில்லுகள் செய்த வேலையை இன்று ஒன்றே செய்கிறது. நொடிக்குச் சுமார் 18 லட்சம் துடிப்பு, கணக்குப் போட 2 கேபி (ஒரு கேபி என்பது 1,024 பைட்) நினைவகம், படத்துக்குத் தனியாக இன்னொரு 2 கேபி.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். ஃபேமிகாம் படத்தில் 256-க்கு 240, மொத்தம் 61,440 புள்ளிகள். ஒவ்வொன்றும் நாலு நிறத்தில் எது என்று குறித்து வைத்தாலே 15 கேபி ஆகிவிடும். கையில் இருப்பதோ 2 கேபி. அதனால் அது படத்தைச் சேமிப்பதே இல்லை. தரைக்கு டைல்ஸ் பதிப்பதுபோலப் பதிக்கிறது. 8-க்கு 8 புள்ளி கொண்ட குட்டிச் சதுரங்கள் 256, கேமோடு சேர்ந்தே வருகின்றன. நினைவகத்தில் எழுதுவது "இந்தக் கட்டத்தில் 36-ஆம் நம்பர்" என்பதை மட்டும். குறுக்கே 32, நெடுக்கே 30, ஆக 960 பைட். எந்த இடத்துக்கு எந்த நிறத் தொகுப்பு என்பதற்கு 64 பைட். கூட்டிப் பாருங்கள், 1,024. ஒரு முழுத் திரை சரியாக ஒரு கேபி!

புள்ளியைத் திரைக்கு அனுப்ப வேண்டிய அந்தக் கணத்தில்தான் சில்லு நம்பரைப் பார்த்து, டைலை எடுத்து, நிறம் பூசுகிறது. நொடிக்கு 60 தடவை, ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து.

சூப்பர் மாரியோவில் மேகத்தையும் தரையில் இருக்கும் புதரையும் உற்றுப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே டைல்கள்தான். வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர். இப்படிச் சிக்கனம் பிடித்ததால்தான் அந்தக் கேம் முழுவதும் 40 கேபியில் முடிந்தது. 400-ஆல் பெருக்கினாலும் 16 எம்பி, போனில் எடுத்த நாலைந்து போட்டோ அளவு. போதாததற்கு, பெயர் மாற்றித் திரும்ப வரும் கேம்களும் அந்த 400-இல் உண்டு. பெரும்பாலானவை உரிமம் வாங்காத நகல்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பள்ளி ஆய்வகத்துக்கு நிதி என்றாலே புது கம்ப்யூட்டர் வாங்குவதோடு நிறுத்திவிடுகிறோம். ஒரு கேபிக்குள் ஒரு படத்தை அடக்கிக் காட்டு என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பார்க்கவும் கொஞ்சம் ஒதுக்க வேண்டும்.

அப்புறம், எதிரிகள் கூடும்போது சிலர் மின்னி மறைவதைப் பார்த்து, கேம் பாக்ஸ் கெட்டுவிட்டது என்று பையன் நினைக்கலாம். கெடவில்லை. ஓடியாடும் உருவங்கள் தனித் துண்டுகள். ஒரு கிடைவரியில் எட்டுக்கு மேல் காட்ட முடியாது. ஓர் எதிரிக்கு அகலவாக்கில் இரண்டு துண்டு என்றால், நாலு பேரோடு எட்டும் தீர்ந்தது. ஐந்தாவது ஆள் வந்தால், யாரை விடுவது என்பதைக் கேம் படத்துக்குப் படம் மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் யாரும் அடியோடு காணாமல் போவதில்லை, முறைவைத்து மின்னுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவனோடு எண்ணிப் பாருங்கள்.