குனிந்தே ஆடுகிற ஆட்டத்துக்கு முதுகு வேண்டாமா?

"ஒண்ணுமே பண்ணலை சார். வெயிட் தூக்கலை, கீழே விழலை, வண்டியில இடிச்சுக்கலை. காலையில எழுந்தா இடுப்பு பிடிச்சுக்கிச்சு."

இந்த வாரமும் இதே வசனத்தோடு ஒருவர் வந்து சேர்ந்தார். ஒரு பக்கமாகச் சாய்ந்து, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். நான் துருவித் துருவிக் கேட்டேன். கடைசியில்தான் உண்மை வந்தது. வியாழன் ராத்திரி டியூட்டி முடிந்ததும் நேராக பூல் (மேஜை மேல் கம்பால் பந்துகளை அடித்துக் குழியில் தள்ளுகிற ஆட்டம்) ஹாலுக்குப் போய் விடியற்காலை மூன்று மணி வரை ஆடியிருக்கிறார். "ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்றால், "அது சும்மா விளையாட்டுதானே சார்" என்கிறார். எனக்கு எரிச்சல் வருவது இந்த "சும்மா"வில்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஜித்தாவில் பிசியோதெரபிஸ்ட். இந்த ஊருக்கு 2024 ஜூனில் உலக பூல் சாம்பியன்ஷிப் வந்தது. 128 ஆட்டக்காரர்கள், மொத்தப் பரிசு பத்து லட்சம் டாலர், அதில் ஜெயித்தவருக்கு மட்டும் 2,50,000. நம் ஆட்கள் உடனே ரியாலில் பெருக்கிப் பார்த்துவிடுவார்கள்: 9,37,500. ஃபெடோர் கோர்ஸ்ட் அல்பேனியாவின் எக்லென்ட் காச்சியை 15-14 என்று கடைசி ரேக்கில், அதாவது பந்துகளை அடுக்கி ஆடுகிற கடைசிச் சுற்றில், ஜெயித்த அந்த இறுதி ஆட்டத்தை, பூல் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள்கூட போனில் பார்த்தார்கள். அடுத்த வருஷம் ஜூலையில் மறுபடியும் இங்கேயே. அந்த முறை பிலிப்பைன்ஸின் கார்லோ பியாடோ, அதே கோர்ஸ்டை 15-13 என்று வீழ்த்தினார். எங்கள் கிளினிக்கில் இருக்கிற கபாயன் (பிலிப்பைன்ஸ்காரர்கள் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள்) நர்ஸுகள் அன்று தரையில் நடக்கவே இல்லை. பூல் அவர்களுக்கு நமக்குக் கிரிக்கெட் மாதிரி. அவர்களோடு ரூம் போட்டிருக்கிற நம் பையன்களுக்கும் அந்தக் காய்ச்சல் தொற்றிக்கொண்டது. தொற்றட்டும், நல்ல ஆட்டம்தான். வேலை, ரூம், போன் என்று சுற்றிக்கொண்டிருந்தவர்கள் நாலு பேரோடு பழகுகிறார்கள். ஆடுவதைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. ஆடுகிற விதத்தைப் பற்றித்தான் புகார்.

வியர்த்தால்தான் விளையாட்டு, மூச்சு வாங்கினால்தான் உடம்புக்கு வேலை, ஓடிக் குதித்தால்தான் அடிபடும் என்று ஒரு நினைப்பு நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ஃபுட்பால் ஆடி முட்டி வீங்கினால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. பூல் ஆடி முதுகு பிடித்தது என்றால் மட்டும் சிரிக்கிறார்கள். க்யூவின், அதாவது அடிக்கிற கம்பின், எடை அரை கிலோ சொச்சம், அதைத் தூக்கியா முதுகு போகும் என்று என்னிடமே வாதாடுகிறார்கள். க்யூவைத் தூக்கி யாருக்கும் முதுகு போகவில்லை தம்பி. நீங்கள் தூக்கிக்கொண்டிருப்பது உங்கள் சொந்த உடம்பின் மேல் பாதியை. தலை மட்டுமே ஐந்து கிலோவுக்குப் பக்கம் வரும், அப்புறம் தோள், கை, நெஞ்சு எல்லாம் இருக்கிறது. இத்தனையையும் முன்னால் சாய்த்து, அசையாமல் நிறுத்தி, குறி பார்த்து அடிக்கிறீர்கள். அசையாமல் நிற்பதும் தசைக்கு வேலைதான். ஓடுவதைவிடச் சில சமயம் கஷ்டமான வேலை. நம்பிக்கை இல்லையென்றால் இரண்டு கையையும் முன்னால் நீட்டி ஐந்து நிமிஷம் வைத்துக்கொண்டிருங்கள். வியர்க்காது, ஆனால் தோள் கெஞ்சும்.

கணக்கும் போட்டுப் பார்ப்போம். உலகப் போட்டியில் ஆரம்பச் சுற்றுகள் முதலில் ஒன்பது ரேக் எடுப்பவருக்கு, நாக்அவுட்டில் பதினொன்று, இறுதி ஆட்டம் பதினைந்து. 9-8 என்று இழுத்தால் 17 ரேக். ஒரு ரேக்குக்கு ஒன்பது பத்து ஷாட் என்று வைத்தால், பாதிதான் உங்களுடையது என்றாலும் எழுபது எண்பது தடவை குனிந்து நிமிர வேண்டும். ஒவ்வொரு தடவையும் க்யூவை நாலைந்து முறை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடிக்கிறோம். இதெல்லாம் ஒரே ஒரு மேட்ச்சுக்கு. ஹாலில் ராத்திரி ஒன்பது மணிக்கு ஆரம்பித்து மூன்று மணி வரை ஆடுகிறவர் எத்தனை மேட்ச் ஆடியிருப்பார்? பகலெல்லாம் டிரெய்லர் ஓட்டிய முதுகோடு, அல்லது கம்ப்யூட்டர் முன்னால் எட்டு மணி நேரம் கூன் போட்ட கழுத்தோடு!

சரி, நிற்கிற விதத்துக்கு வருவோம். என்னிடம் வருகிறவர்களை ட்ரீட்மென்ட் டேபிளுக்குப் பக்கத்தில் நிறுத்தி, கையில் ஒரு கம்பைக் கொடுத்து, ஹாலில் எப்படி நிற்பீர்களோ அப்படியே நில்லுங்கள் என்பேன். முக்கால்வாசிப் பேர் முழங்காலைக் குச்சி மாதிரி விறைப்பாக வைத்துக்கொண்டு, நடுமுதுகை வில்லாக வளைத்து, கழுத்தை மட்டும் ஆமை மாதிரி தூக்கிப் பார்ப்பார்கள். வலக்கைக்காரராக இருந்தால் இடது கை முன்னே நீண்டிருக்கும், தலை இடப்பக்கம் திரும்பிய நிலையிலேயே மேலே நிமிர்ந்திருக்கும். திருப்பம், நிமிர்வு இரண்டும் சேர்ந்த அந்த இடத்தில்தான் கழுத்தின் சின்ன மூட்டுகள் நசுங்குகின்றன. "இடது கழுத்து, அங்கிருந்து தோள்பட்டை எலும்பு வரைக்கும் வலியா?" என்று நானே சொன்னதும் "எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" என்பார்கள். மந்திரம் ஒன்றும் இல்லை. நீங்கள் நிற்கிற அழகிலேயே எழுதியிருக்கிறது.

டேபிளின் உயரம் தரையிலிருந்து சுமார் 30 அங்குலம், உங்கள் உயரத்துக்கு ஏற்ப அது ஏறாது, இறங்காது. ஆறடிக்காரர் ஐந்தேகால் அடிக்காரரைவிட அதிகம் இறங்கியாக வேண்டும். அதற்குக் காலை அகட்ட வேண்டும், முன்கால் முட்டியைக் கொஞ்சம் மடக்க வேண்டும், வளைவு முதுகில் இல்லாமல் இடுப்பு மூட்டில் இருக்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ளக் காசு கொடுத்து என்னிடம் வர வேண்டியதே இல்லை. உங்கள் க்யூவையே எடுத்து முதுகோடு செங்குத்தாக வைத்துப் பிடியுங்கள். பின்மண்டை, மேல்முதுகு, வால் எலும்புக்குச் சற்று மேலே என்று மூன்று இடத்திலும் அது தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இப்போது முட்டியை லேசாகத் தளர்த்தி, பின்புறத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டே குனியுங்கள். ஏதாவது ஓர் இடத்தில் கம்பு விட்டுப்போனால் முதுகு வளைந்துவிட்டது என்று அர்த்தம். கம்பு விடாமல் குனியப் பழகிய பிறகு டேபிளுக்குப் போங்கள். ஷாட்டுக்கு இறங்கும்போது கழுத்து கொஞ்சம் நிமிரத்தான் செய்யும், அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் முதுகு நேராக இருந்தால் கழுத்துக்கு மிஞ்சுகிற வேலை பாதியாகிவிடும்.

இன்னொரு விஷயம், இதை யாருமே யோசிப்பதில்லை. நாற்காலி. இந்தப் போட்டிகளில் ஆடுகிற நைன்-பால் வகை பூலில் எதிராளி தொடர்ந்து பந்துகளைப் போட ஆரம்பித்துவிட்டால் நீங்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். 2021 யுஎஸ் ஓப்பன் பூல் இறுதியில் பியாடோ 3-8 என்று பின்தங்கியிருந்து தொடர்ந்து பத்து ரேக் எடுத்து 13-8 என்று ஜெயித்தார். ஆட்டம் பார்த்தவர்கள் பியாடோவைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் சிங்கப்பூரின் அலோய்சியஸ் யாப்பைப் பற்றி யோசிப்பேன், அந்த நேரத்தில் பெரும்பகுதி அவர் நாற்காலியில்தானே இருந்திருப்பார்! ஏசி குளிரில் கூன் போட்டு உட்கார்ந்து, உடம்பு இறுகிப்போய், திடீரென்று எழுந்து உடனே முழுசாகக் குனிந்து ஒரு நீளமான ஷாட். என்னிடம் வருகிறவர்களில் "அடிக்கும்போது சுரீர்னு பிடிச்சுது" என்கிறவர்களைக் கேட்டுப் பார்த்தால், பாதிக்கு மேல் அது நாற்காலியிலிருந்து எழுந்த பிறகு அடித்த முதல் ஷாட்டாக இருக்கும். வெளியே ஜூலை வெயில் நாற்பதைத் தாண்டும், உள்ளே ஸ்வெட்டர் கேட்கிற குளிர். நாற்காலியில் சரியாமல் நிமிர்ந்து உட்காருங்கள். உங்கள் முறை வந்ததும் எழுந்து, இடுப்பில் கை வைத்து இரண்டு மூன்று தடவை பின்னால் வளைந்துவிட்டு டேபிளைச் சுற்றி ஒரு நடை போய்வாருங்கள். பெரிய போட்டிகளிலேயே ஷாட்டுக்கு 30 விநாடி தருகிறார்கள். உங்கள் ஹாலில் யார் கடிகாரம் பிடிக்கிறார்கள்?

பிரேக், அதாவது அடுக்கிய பந்துகளைச் சிதறடிக்கிற முதல் அடி, பற்றி நீளமாகச் சொல்ல வேண்டாம். தொழில்முறை ஆட்டக்காரர்களின் பிரேக்கில் பந்து மணிக்கு 30 கி.மீ.க்கு மேல் போகும். அந்த வேகம் அவர்களுக்குக் கால், இடுப்பு, தோள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வருகிறது. நம்மவர்கள் மொத்த வேகத்தையும் முழங்கையிலிருந்தே கறக்கப் பார்க்கிறார்கள். க்யூவைக் கழுத்தைப் பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடிப்பது வேறு. முழங்கை வெளிப்பக்க வலியோடு ஒருவர் வந்து "டென்னிஸ் ஆடினதே இல்லை, டென்னிஸ் எல்போன்னு எழுதியிருக்காங்க" என்று கோபப்பட்டார். நியாயமான கோபம்தான், பெயரை நான் வைக்கவில்லை.

அடுத்து, வலி வந்ததும் நீங்கள் செய்கிற வைத்தியங்கள். ஃபார்மசியில் பெல்ட் வாங்கிக் கட்டிக்கொண்டு, ஸ்ப்ரே அடித்துக்கொண்டு, அன்று ராத்திரியே மறுபடி ஆடப் போவது. வலி ஊசி போட்டுக்கொண்டு டோர்னமென்ட் ஆடுவது. "எம்ஆர்ஐ எடுத்துத் தாங்க" என்று முதல் நாளே நிற்பது. வலியே இல்லாத ஆட்களை ஸ்கேன் செய்தாலும் பலருக்கு டிஸ்க் பல்ஜ் (முதுகெலும்புத் தட்டு சற்றுப் பிதுங்கியிருப்பது) தெரியும், அந்த ஒரு வார்த்தையைப் படித்துவிட்டுப் பயத்தில் படுத்தே கிடப்பவர்களை எழுப்புவது வலியைக் குறைப்பதைவிடப் பெரிய பாடு. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். சலூனில் முடிவெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து ஒரே திருப்பாகத் திருப்பி நெட்டி எடுக்கிறார்களே, அதை மட்டும் என்னால் பொறுக்க முடியாது. கழுத்தில் மூளைக்குப் போகிற ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. அபூர்வமாகத்தான் நடக்கும், ஆனால் அந்தத் திருப்பில் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. ஏற்கெனவே வலிக்கிற கழுத்தை அங்கே கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். தயவுசெய்து. கெஞ்சிக் கேட்கிறேன்.

சில அறிகுறிகளுக்கு என்னிடமும் வர வேண்டாம், நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். முதுகு வலியோடு சிறுநீர் வராமல் அடைபடுவது அல்லது கட்டுப்பாடில்லாமல் போவது, உட்காருமிடம் மரத்துப்போவது, கால் பாதம் தூக்க முடியாமல் தொங்குவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே. இடது கை வலியை "க்யூவுக்குத் தாங்கு கொடுக்கிற கை, அதான்" என்று தள்ளிவிடாதீர்கள். கையோடு சேர்ந்து நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் அது பூல் சமாசாரம் அல்ல.

போட்டியில் இறங்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரஷர் மாத்திரையில் பீட்டா பிளாக்கர் என்று ஒரு வகை உண்டு, இதயத் துடிப்பைக் குறைக்கும், கை நடுக்கத்தையும் குறைக்கும். அதனாலேயே பில்லியர்ட்ஸ் வகை ஆட்டங்களில் போட்டி நேரத்தில் அது உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் இருக்கிறது. "நடுக்கம் நிற்க ஒண்ணு போட்டுக்கோ" என்று ரூம்மேட் நீட்டுகிற மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். டாக்டர் எழுதிக் கொடுத்து ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் நீங்களாக நிறுத்தியும் வைக்காதீர்கள், திடீரென்று நிறுத்துவதுதான் ஆபத்து. டாக்டரிடம் பேசுங்கள், விதிவிலக்கு கேட்க வழி இருக்கிறது.

கடைசியாக, எல்லோரும் கேட்கிற கேள்வி: "எப்ப சார் மறுபடி ஆடலாம்?" சாதாரணப் பிடிப்பு என்றால் முழு வலியும் போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. காலில் வலி இறங்காமல் அரை மணி நேரம் நடக்க முடிகிறதா? அந்தக் கம்பு வைத்த குனிதல் பத்து தடவை வலி கூடாமல் வருகிறதா? வந்தால் முதல் வாரம் இருபது நிமிஷம், அதுவும் தனியாக, ஸ்கோர் இல்லாமல். ஸ்கோர் இருந்தால் நீங்கள் நிறுத்த மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அடுத்த நாள் காலையில் வலி கூடவில்லை என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் பத்துப் பத்து நிமிஷமாகக் கூட்டுங்கள். பிரேக் அடிப்பதையும், பந்தைத் துள்ள வைக்கிற ஜம்ப் ஷாட்டையும் கடைசியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் வலியில்லாமல் ஆட முடிந்த பிறகு மேட்ச்சுக்கு வாங்க. அதுவரை ரேக் அடுக்கிக் கொடுங்கள், ஆனால் அதையும் முட்டியை மடக்கிச் செய்யுங்கள்.