தண்ணீர் தூளாகும் விதம்

'ஸ்ப்ரே' என்ற ஒரு சொல்லை எத்தனை பொருளில் புழங்குகிறோம் பாருங்கள். கையில் இருக்கும் டப்பாவும் ஸ்ப்ரே, அதை அடிக்கும் வேலையும் ஸ்ப்ரே, அதிலிருந்து புகைபோல வரும் ஈரமும் ஸ்ப்ரே. ஆங்கிலத்திலும் அந்தச் சொல் பெயராகவும் வினையாகவும் ஓடுகிறது. அலை பாறையில் மோதிக் கிளப்பும் நீர்த்தூளுக்கும் அதே சொல், துப்பாக்கிக் குண்டுகளைச் சரமாரியாகப் பொழிவதற்கும் அதே சொல். பூவோடு ஒடித்த சிறு கிளையையும் அவர்கள் ஸ்ப்ரே என்பார்கள். எழுத்து ஒன்றாக இருந்தாலும் அது வேறு வேரிலிருந்து வந்த வேறு சொல். நீரைக் குறிப்பது பழைய டச்சு மொழியிலிருந்து வந்தது.

தமிழ் இந்த வேலையை ஒரே சொல்லிடம் விடவில்லை. தாரையாகப் பாய்ச்சினால் பீச்சுகிறோம். அள்ளி வீசினால் தெளிக்கிறோம். மோதிக் கிளம்பினால் தெறிக்கிறது. பொடிப்பொடியாக இறங்கினால் தூவுகிறது. பறக்கும் துளி திவலை. காற்று அடித்துக்கொண்டு வரும் மழைப்பொடி தூவானம். நீரைப் பீச்சும் கருவிக்குச் சிவிறி என்று பழந்தமிழில் ஒரு பெயரே இருந்தது. இதை வெறும் சொல்வளம் என்று நான் நினைக்கவில்லை. பீச்சுவதும் தெறிப்பதும் தூவுவதும் இயற்பியல் கணக்கிலும் வேறுவேறு நிகழ்ச்சிகள்தான். மூன்றிலும் நடப்பது ஒரே இழுபறி: உடைய மறுக்கும் நீருக்கும் அதை உடைக்கப் பார்க்கும் வேகத்துக்கும் இடையிலானது.

நீர் ஏன் உடைய மறுக்கிறது? உள்ளே இருக்கும் மூலக்கூற்றைச் சுற்றி எல்லாப் பக்கமும் சக மூலக்கூறுகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பரப்பில் இருப்பதற்கு மேல்பக்கம் ஆளில்லை. அதனால் பரப்பு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்று நீர் சுருங்கிக்கொள்கிறது. இதுதான் பரப்பு இழுவிசை. 20 டிகிரி செல்சியஸில் ஒரு சதுர மீட்டர் புதிய நீர்ப்பரப்பை உண்டாக்க ஏறத்தாழ 0.073 ஜூல் ஆற்றலைக் கொடுத்தாக வேண்டும்.

ஒரு லிட்டர் நீரை 50 மைக்ரான் விட்டமுள்ள துளிகளாகப் பொடித்துவிடுவதாக வைத்துக்கொள்வோம். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமனைவிடச் சற்றுக் குறைவான துளி அது. மொத்தம் சுமார் 1,500 கோடித் துளிகள் கிடைக்கும். அவற்றின் பரப்பை எல்லாம் கூட்டினால் 120 சதுர மீட்டர், ஒரு நடுத்தர வீட்டின் தரையளவு. அதற்கான ஆற்றலோ 9 ஜூல்கூட இல்லை. அதே ஒரு லிட்டரை ஒரு மீட்டர் உயரம் தூக்கினாலே அதைவிட அதிகம் செலவாகும்.

முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். தப்பு இல்லை. நீரைத் தூளாக்குவதற்குத் தேவையான ஆற்றல் மிகச் சொற்பம். ஆனால் அதை நீரிடம் சேர்ப்பதற்குள் பெரும்பகுதி வேறு வழியில் போய்விடுகிறது. 3 பார் அழுத்தத்தில், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கில், ஒரு லிட்டரைத் தள்ள 300 ஜூல் ஆகும். அதில் பரப்பாக மாறுவது, துளி 50 மைக்ரானாகவே வந்தாலும், நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் துளிகளின் ஓட்டத்துக்கும் உராய்வுக்கும் போகிறது. ஆகவே ஒரு நல்ல நாசிலின், அதாவது நீர் வெளியேறும் முனையின், திறமை, கொடுத்த அழுத்தத்தை நீரின் எந்த இடத்தில் செலுத்துகிறது என்பதில்தான் இருக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்கக் குழாயடி போதும். குழாயை மெல்லத் திறந்து, நூல்போல ஒரு தாரை விழும்படி வையுங்கள். மேல்பகுதி கண்ணாடிக்கம்பிபோல வழவழப்பாக நிற்கும். கீழே போகப்போகக் கலங்கித் தெரியும். அந்தக் கலங்கல் உண்மையில் தனித்தனித் துளிகள். கண்ணால் பிரிக்க முடியாது, ஆனால் காதால் முடியும். ஒரு தட்டைத் தாரையின் மேல்பகுதியில் பிடித்தால் சத்தம் அதிகம் இருக்காது. தட்டை மெல்லக் கீழே இறக்குங்கள். ஓரிடத்தில் சடசடவென்று சத்தம் தொடங்கும். நூல் அறுந்து துளிகளாகிய இடம் அதுதான். கைப்பேசியில் ஸ்லோமோஷனில் எடுத்தால் அறுபடுவதையே பார்க்கலாம்.

நூல் ஏன் அறுகிறது? அதில் எங்கோ ஓரிடம் சற்றே மெலிந்திருக்கும். மெலிந்த இடத்தில் பரப்பு இழுவிசை இறுக்கிப் பிடிப்பதால் உள்ளே அழுத்தம் கூடும். கூடிய அழுத்தம் நீரைப் பக்கத்திலுள்ள பருத்த இடத்துக்குத் தள்ளும். மெலிந்தது இன்னும் மெலியும், பருத்தது இன்னும் பருக்கும், கடைசியில் கழுத்து அறுந்துவிடும். சுருங்க விரும்பும் அந்த இழுவிசையே நூலை வெட்டும் கத்தியாகிறது. துளிகளாகப் பிரிந்தால் மொத்தப் பரப்பு நூலாக இருந்ததைவிடக் குறைவு என்பதுதான் காரணம்.

பிரான்சின் ஃபெலிக்ஸ் சவார் 1833-இல் தாரைகள் உடைவதை ஆராய்ந்தார். பெல்ஜியத்தின் ஜோசப் பிளாட்டோ, தன் நீளம் தன் சுற்றளவைத் தாண்டிய நீர்நூல் நிலைக்காது என்று காட்டினார். அவர் 1840-களிலேயே பார்வையை இழந்தவர். நீர்ப்படலங்களைப் பற்றிய அவரது புகழ்பெற்ற ஆய்வுகளில் பெரும்பகுதி, உடனிருந்தவர்கள் பார்த்துச் சொல்ல அவர் சிந்தித்துச் செய்தவை. எவ்வளவு இடைவெளியில் அறும் என்பதை 1878-இல் இங்கிலாந்தின் ராலே பிரபு கணக்கிட்டார்: நூலின் விட்டத்தைப்போல ஏறத்தாழ நாலரை மடங்கு. 2 மில்லிமீட்டர் நூல் என்றால் 9 மில்லிமீட்டருக்கு ஒரு துளி. அந்தத் துளியின் விட்டம் நூலைப்போலக் கிட்டத்தட்ட 1.9 மடங்கு.

இங்கேதான் சிக்கல். பீச்சிய நூல் இப்படித் தானாக அறும் வழியில் போனால் துளி எப்போதும் துளையைவிடப் பெரிது. 50 மைக்ரான் துளி வேண்டுமானால் 26 மைக்ரான் துளை வேண்டும். முடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள துளை. ஒரு தூசி போதும் அடைத்துக்கொள்ள. ஆனால் கண்ணாடி துடைக்கும் திரவத்தின் பாட்டிலில் இருக்கும் துளையோ வெறும் கண்ணுக்கே தெரிகிறது. அதிலிருந்து மட்டும் எப்படி அவ்வளவு பொடியாக வருகிறது?

விடை அந்த மூடிக்குள் இருக்கிறது. விசையை இழுத்தால் ஒரு சிறு பிஸ்டன் திரவத்தைத் தள்ளும், விட்டால் சுருள்வில் அதைத் திருப்பி அனுப்பும், பாட்டிலிலிருந்து புதுத் திரவம் ஏறும். இதுவரை சாதாரணப் பம்புதான். நாசில் மூடியைக் கழற்றி உள்பக்கத்தைப் பாருங்கள். நடுவில் ஒரு சின்னக் குழி. அந்தக் குழியை நேராக நோக்காமல், அதன் ஓரத்தைத் தொட்டபடி பக்கவாட்டில் வந்து சேரும் இரண்டு மூன்று வாய்க்கால்கள். அவற்றின் வழியே வரும் திரவம் குழிக்குள் சுழலத் தொடங்கும். சுழன்றபடியே துளையை விட்டு வெளியேறும்போது ஓரத்தை ஒட்டிய மெல்லிய படலமாக வெளியேறும். துளையின் நடுவே காற்று மட்டும்தான். அந்தப் படலம் கூம்பாக விரிகிறது. ஊதும் பலூன்போல விரிய விரிய மெலிகிறது. மெலிந்த படலத்தில் அலைகள் எழுந்து ஓட்டைகள் விழுகின்றன. ஓட்டைகள் பெருகி ஒன்றையொன்று நெருங்கும்போது இடையில் எஞ்சுவது மிக மெல்லிய நூல்கள். அந்த நூல்கள் குழாயடியில் பார்த்த அதே விதிப்படி அறுந்து துளிகளாகின்றன. துளையின் அளவு வெளியே வந்த பிறகு பொருட்டே இல்லை, படலம் எவ்வளவு மெலிந்தது என்பதுதான் கணக்கு.

மூடியைத் திருப்பினால் ஸ்ப்ரே நின்று ஒற்றைத் தாரை பாய்கிறதே, அப்போது திரவம் அந்தப் பக்கவாட்டு வாய்க்கால்களை விட்டு நேர்வழியில் போகிறது. சுழற்சி இல்லை, படலமும் இல்லை. விசையை மெதுவாக இழுத்தாலும் தூளாகாமல் வழிவது இதனால்தான். சுழலுவதற்கான வேகம் கிடைப்பதில்லை.

படலத்தை உருவாக்காமலே காற்றைக் கொண்டு கிழிக்கவும் முடியும். பெயின்ட் அடிக்கும் ஸ்ப்ரே கன்னில் நடப்பது அது. இயற்கையில் இதற்குச் சாட்சி மழைத்துளி. விழும் பெரிய துளியைக் காற்று கீழிருந்து அமுக்குவதால் அது அடிப்பக்கம் தட்டையாகிறது. படங்களில் வரையும் கண்ணீர் வடிவம் எந்த மழைத்துளிக்கும் கிடையாது. விட்டம் 5, 6 மில்லிமீட்டரை எட்டினால் அடிப்பக்கம் குழிந்து, பாராசூட்போல உப்பி வெடித்துச் சிதறுகிறது. ஜெர்மனியின் ஃபிலிப் லெனார்ட் 1904-இல் கீழிருந்து மேலே வீசும் காற்றில் துளிகளை நிறுத்திவைத்து இதை ஆராய்ந்தார்.

ஏரோசால் டப்பாவின் வழி இன்னொன்று. நார்வே பொறியாளர் எரிக் ரோதைம் 1920-களின் இறுதியில் காப்புரிமை பெற்ற யோசனை இது. டப்பாவுக்குள் இருப்பது வெறும் அழுத்திய காற்று அல்ல. அழுத்தத்தால் திரவமாகிய ஒரு வாயு, வேண்டிய பொருளோடு கலந்திருக்கிறது. டப்பா காலியாகக் காலியாக அந்தத் திரவத்தில் கொஞ்சம் ஆவியாகி மேலே உள்ள இடத்தை நிரப்பிவிடும். அதனால்தான் முதல் நாள் இருந்த வேகம் ஏறக்குறையக் கடைசிவரை இருக்கிறது. துளையை விட்டு வெளியே வந்ததும் அழுத்தம் சட்டென்று இறங்க, ஒவ்வொரு துளிக்குள்ளும் இருக்கும் உந்துவாயு கொதித்துக் கிளம்பித் துளியை உள்ளிருந்தே உடைக்கிறது. தொடர்ந்து அடித்தால் டப்பா சில்லிடுவதும் இந்த ஆவியாதலால்தான். ஒரு காலத்தில் இந்த வேலையைச் செய்தவை குளோரோஃபுளோரோகார்பன்கள். அவை ஓசோன் படலத்தை அரிக்கும் என்று வேதியியலாளர்கள் மோலினாவும் ரோலண்டும் 1974-இல் எச்சரித்தார்கள், 1987-இல் அவற்றைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. இன்று பல டப்பாக்களில் இருப்பது புரோபேன், பியூட்டேன் கலவை. சமையல் எரிவாயுவிலும் இருப்பவை இவைதான். டப்பாவின் மேல் தீச்சின்னம் இருந்தால் தயவுசெய்து அதை மதியுங்கள்.

இனி தெறித்தல். ஒரு துளி விழுந்து தெறிப்பது கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைந்த வேலை. இங்கிலாந்தின் ஆர்தர் வொர்திங்டன் 1870-களில் இருட்டறையில் துளியை விழவிட்டு, குறித்த கணத்தில் ஒரு மின்பொறியை வெடிக்கவைத்து, கண்ணில் பதிந்த உருவத்தை உடனே வரைந்தார். அடுத்த துளிக்குப் பொறியைச் சற்றே தாமதப்படுத்தினார். இப்படிப் படிப்படியாக ஒரு தெறிப்பின் கதையை வரைந்து சேர்த்தார். துளி விழுந்த இடத்தைச் சுற்றி நீர் கிரீடம்போல எழும். அவர் வரைந்த கிரீடங்கள் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருந்தன. 1890-களில் ஒளிப்படம் எடுக்க முடிந்தபோது, உண்மையான தெறிப்புகள் கோணலும் மாணலுமாக இருந்தன. தன் மனம் கண்ணைத் திருத்தியிருக்கிறது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் பக்கம் அதுதான். பிறகு அமெரிக்காவின் ஹெரால்டு எட்ஜர்டன் எடுத்த பால்துளிக் கிரீடம் உலகப் புகழ் பெற்றது.

அதற்குப் பிறகும் யாரும் எதிர்பாராத ஒன்று காத்திருந்தது. 2005-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் லெய் ஷூ, வெண்டி ஜாங், சிட்னி நாகெல் மூவரும் காய்ந்த, வழவழப்பான கண்ணாடியில் ஆல்கஹால் துளிகளை விழவிட்டார்கள். வழக்கமான காற்றழுத்தத்தில் நன்றாகத் தெறித்தது. அறையிலிருந்து காற்றை உறிஞ்ச உறிஞ்சத் தெறிப்பு குறைந்தது. அழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காக இறங்கியபோது துளி தெறிக்கவே இல்லை, அமைதியாகப் பரவிப் படிந்தது. துளியும் அதேதான், வேகமும் அதேதான், கண்ணாடியும் அதேதான். அப்படியென்றால் தெறிப்பதற்குத் துளியும் தரையும் மட்டும் போதாது, சுற்றியுள்ள காற்றும் வேண்டும். பரவிச் செல்லும் படலத்தின் விளிம்பைத் தரையிலிருந்து எழுப்பிவிடுவதில் அதற்குப் பங்கு இருக்கிறது.

பொடியாக இருந்தால்தான் நல்ல ஸ்ப்ரே என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 100 மைக்ரான் துளி அசையாத காற்றில் நொடிக்குச் சுமார் 25 சென்டிமீட்டர் வேகத்தில் இறங்கும். 10 மைக்ரான் துளி நொடிக்கு 3 மில்லிமீட்டர்தான். ஒன்றரை மீட்டர் இறங்க எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும், அதுவும் வழியிலேயே ஆவியாகிவிடாமல் இருந்தால். விட்டம் பாதியானால் ஆவியாகும் நேரம் கால்பங்காகிவிடும். பயிருக்கு மருந்து அடிக்கும்போது 100 மைக்ரானுக்குக் கீழான துளிகள் காற்றோடு பக்கத்து நிலத்துக்குப் போய்விடும். பெயின்ட் அளவுக்கு மீறிப் பொடியானால் சுவரைத் தொடுமுன்பே காய்ந்து சொரசொரப்பாக ஒட்டும்.

ஆனால் நுரையீரலுக்கு மருந்து போக வேண்டுமானால் 5 மைக்ரானுக்குக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய துளிகள் தொண்டையின் வளைவில் திரும்ப முடியாமல் சுவரில் மோதி ஒட்டிக்கொள்ளும். 1950-களின் நடுவில் ஆஸ்துமா இருந்த 13 வயது அமெரிக்கச் சிறுமி ஒருத்தி, மருந்து நிறுவனத் தலைவரான தன் அப்பாவிடம், என் மருந்து ஏன் ஹேர் ஸ்ப்ரேபோல டப்பாவில் வரக்கூடாது என்று கேட்டாளாம். 1956-இல், ஒவ்வொரு அழுத்தலுக்கும் குறித்த அளவு மருந்தை விடும் முதல் இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது. அதன் குறைகளில் ஒன்று வேகம். துளிகள் கிளம்பும்போது பெரிதாகவும் விரைவாகவும் இருப்பதால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே படிந்துவிடும். மருத்துவர்கள் இன்ஹேலரோடு ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழலைச் சேர்த்துத் தருவது அதற்காகத்தான். அந்தக் குழலுக்குள் உந்துவாயு ஆவியாகிறது, துளிகள் சிறுக்கின்றன, வேகம் தணிகிறது. அதன் பிறகு மூச்சை இழுத்தால் அவை காற்றோடு வளைந்து உள்ளே போகின்றன.