ஏடு தின்று மிஞ்சிய சுவை

ஊறுகாய்ப் பரணியில் உப்புக் குறைந்துபோனால் சில நாட்களில் மேலே வெள்ளையாக ஒரு மெல்லிய படலம் படரும். பூத்துப்போய்விட்டது என்று சொல்லி அதை வழித்தெறிவோம். ஸ்பெயினின் தென்மேற்குக் கடற்கரையில், குவாதல்கிவீர் ஆறு அட்லாண்டிக்கில் கலக்கும் இடத்தில் இருக்கிறது சான்லூகார் தெ பாராமேதா. அங்கே ஒயின் பீப்பாய்க்குள் இதைப் போன்ற ஓர் ஏடு படர்ந்தால் அதை யாரும் வழித்தெறிவதில்லை. அது சாகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே கிடங்குகளை உயரமாகக் கட்டுகிறார்கள், தரையில் தண்ணீர் தெளிக்கிறார்கள். அந்த ஏட்டுக்கு அவர்கள் இட்ட பெயர் ஃப்ளோர். ஸ்பானிய மொழியில் பூ என்று பொருள். பூசணம் ‘பூத்தது’ என்று பேசிப் பழகிய நமக்கு அந்தப் பெயரின் நியாயம் சொல்லாமலே விளங்கும்.

சான்லூகார், அதற்குக் கிழக்கே ஹெரேஸ், காதிஸ் வளைகுடாவை ஒட்டிய எல் புவேர்த்தோ தெ சாந்தா மரியா ஆகிய மூன்று ஊர்களும் சேர்ந்த முக்கோணமே ஷெர்ரி ஒயினின் தாயகம். ஹெரேஸ் நகரின் பழைய அரபுப் பெயரான ஷரீஷ்தான் ஆங்கிலேயர் வாயில் ஷெர்ரியாக மாறியது. ஆண்டில் ஏறத்தாழ 300 நாள் வெயிலடிக்கும் இந்தப் பகுதியில் கோடையில் மழை அநேகமாக இல்லை. ஆயினும் கொடிகள் வாடுவதில்லை. அல்பரீசா எனப்படும் சுண்ணாம்புச் சத்து மிகுந்த வெள்ளை மண், குளிர்காலத்தில் பெய்யும் மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. வெயிலில் அதன் மேற்பரப்பு இறுகி மூடிக்கொள்வதால் அடியிலுள்ள ஈரம் எளிதில் ஆவியாவதில்லை. இங்கே பெரிதும் பயிராகும் பலோமினோ திராட்சைக்கு மணமும் குறைவு, புளிப்பும் குறைவு. ஒயினுக்குரிய திராட்சை என்று பார்த்தால் இதில் பெருமைப்பட அதிகமில்லை. அந்த வெறுமையே இங்கே வசதியாகிறது. பிறகு ஏடு செய்யப்போகும் வேலையைத் திராட்சையின் மணம் மறைப்பதில்லை.

சாறு நொதித்து, சர்க்கரை முழுவதும் ஆல்கஹாலாக மாறியதும், திராட்சையிலிருந்து வடித்த சாராயத்தைச் சிறிது சேர்த்து ஆல்கஹால் அளவை 15 சதவீதத்துக்கு உயர்த்துகிறார்கள். இந்த எண்ணில் கணக்கு இருக்கிறது. 15 சதவீதத்தில், ஒயினை வினிகராக்கும் பாக்டீரியா தழைக்க முடியாது. ஆனால் ஏட்டு ஈஸ்ட் தாக்குப்பிடிக்கும். 17 சதவீதத்தைத் தாண்டினால் அதுவும் மடிந்துவிடும். இப்படித் தயாரான ஒயினை 600 லிட்டர் கொள்ளும் ஓக் பீப்பாயில் 500 லிட்டர் அளவுக்கு மட்டும் நிரப்புகிறார்கள். மற்ற இடங்களில் ஒயின் பீப்பாயில் காற்றுக்கு இடம்விடுவது கவனக்குறைவு. இங்கே அதுவே முறை.

சர்க்கரை தீர்ந்த ஒயினில் ஈஸ்டுக்கு மிஞ்சியிருக்கும் உணவு ஆல்கஹாலும் கிளிசராலும்தான். அவற்றைச் செரிக்க ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் இருப்பதோ மேற்பரப்பில். ஆகவே ஈஸ்ட் மேலே வந்தாக வேண்டும். ஃப்ளோர் வகை ஈஸ்ட், ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்டின் இனத்தைச் சேர்ந்ததே. ஆனால் இதில் ஒரு குறிப்பிட்ட மரபணு முடுக்கிவிடப்படும்போது, செல்லின் மேற்புறம் நீரோடு ஒட்டாத தன்மையைப் பெறுகிறது. அப்படிப்பட்ட செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தாங்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு குமிழிகளையும் இடையில் பிடித்துவைத்துக்கொண்டு, மிதவைபோல மேலெழுகின்றன. முதலில் அங்கங்கே வெண்தீவுகள் தோன்றும். பிறகு அவை இணைந்து, சுருக்கம் விழுந்த பாலாடைபோல ஒயினை முழுவதும் மூடிவிடும்.

மூடியபின் அந்த ஏடு இடைவிடாமல் தின்றுகொண்டே இருக்கிறது. முதலாவதாக ஆக்சிஜனை ஒயினுக்குள் இறங்கவிடாமல் தானே உண்டுவிடுவதால், ஆண்டுக்கணக்கில் பீப்பாயில் கிடந்தாலும் ஒயின் பழுப்பாகாமல் வைக்கோல் நிறத்திலேயே இருக்கிறது. நாக்கில் வழவழப்பையும் மெல்லிய இனிப்பையும் தரும் கிளிசரால் சாதாரண ஒயினில் லிட்டருக்குச் சில கிராம் இருக்கும். ஏடு அதைப் பெரும்பாலும் தீர்த்துவிடுகிறது. ஆல்கஹாலில் ஒரு பகுதியை உண்டு, பதிலுக்கு அசிட்டால்டிஹைடு என்னும் பொருளை ஒயினில் விடுகிறது. பச்சை ஆப்பிளை நறுக்கியதுபோல், புளித்த மாவின் வாடைபோல் எழும் மணம் அதனுடையது. அது 20 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும் பொருள் என்பதால், இந்த ஒயினை 7 முதல் 9 டிகிரி வரை குளிர்வித்து ஊற்றினாலும் மூக்கை முதலில் எட்டுவது அந்த மணமே.

ஏட்டுக்கு ஈரக்காற்றும் மிதமான குளிர்ச்சியும் வேண்டும். ஹெரேஸில் கோடையின் வெப்பத்திலும் குளிர்காலத்திலும் ஏடு மெலிகிறது. சான்லூகாரில், மேற்கிலிருந்து வரும் போனியெந்தே என்னும் அட்லாண்டிக் காற்றின் தயவால் ஆண்டு முழுவதும் தடித்திருக்கிறது. அதனால் இரண்டு ஊர்களிலும் ஏறக்குறைய ஒரே முறையில் செய்யப்படும் ஒயினுக்குப் பெயர்கள் வேறு: ஹெரேஸில் ஃபினோ, சான்லூகாரில் மன்சனீயா. மன்சனீயா என்பது சீமைச்சாமந்திக்கு ஸ்பானியர் வழங்கும் பெயர். அந்தப் பூவின் மணத்தை இதில் உணர்கிறவர்கள் உண்டு.

ஏட்டுக்குத் தீனி தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வது சொலேரா முறை. பீப்பாய்களை வயது வாரியாகப் பல அடுக்குகளாகப் பிரித்து, மிக முதிர்ந்த அடுக்கிலிருந்து ஒரு பகுதியை மட்டும் விற்பனைக்கு எடுப்பார்கள்; அந்தக் குறையை அடுத்த அடுக்கிலிருந்தும், அதன் குறையை அதற்கடுத்த அடுக்கிலிருந்தும் நிரப்பி, கடைசி அடுக்கில் புது ஒயினை ஊற்றுவார்கள். எந்தப் பீப்பாயும் முழுதாகக் காலியாவதில்லை. சராசரி வயதைக் கணக்கிடுவது எளிது: மொத்த இருப்பை ஆண்டுதோறும் எடுக்கும் அளவால் வகுத்தால் போதும். ஒரே அளவுள்ள மூன்று அடுக்குகள் இருந்து, மிக முதிர்ந்த அடுக்கில் ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கை எடுத்தால், சராசரி வயது ஒன்பது ஆண்டுகள். புட்டியின் மேல் விளைச்சல் ஆண்டு அநேகமாக இல்லாததற்கு இதுவே காரணம்.

சுவை பார்க்க ஒயினை வெளியே எடுப்பதிலும் ஏட்டின் மீது அக்கறை தெரிகிறது. நீண்டு வளையும் ஒரு கம்பின் நுனியில் குறுகலான உருளைக் கிண்ணம் பொருத்திய கருவி வெனென்சியா. சான்லூகாரில் அதையே நாணலில் அல்லது மூங்கிலில் குடைந்து செய்வதுண்டு. பீப்பாயின் மேல்துளை வழியே அதை ஒரே வீச்சில் செங்குத்தாக இறக்கினால், கிண்ணம் ஏட்டைச் சிறு துளை அளவுக்கே கிழித்து, அடியிலுள்ள தெளிந்த ஒயினை முகந்து வருகிறது. தேர்ந்த கை தலைக்கு மேல் கம்பைத் தூக்கி, இடுப்பருகே பிடித்த கண்ணாடிக் கிண்ணத்துக்குள் ஒற்றை இழையாக ஊற்றும். பார்க்க வித்தைபோல இருந்தாலும், உயரத்திலிருந்து விழும் ஒயின் காற்றோடு கலந்து மணத்தை அவிழ்க்கிறது.

இனி உணவு. ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய பாஹோ தெ கியா கரையில், உப்புநீரில் வேகவைத்துக் குளிரவைத்த இறாலை இந்த ஒயினோடு தருகிறார்கள். பொடி இறாலைக் கடலைமாவும் கோதுமைமாவும் கலந்து கரைத்து, எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்த தோர்த்தியீத்தாவும் உண்டு. உப்பிட்டு உலர்த்திய சூரைமீனான மொஹாமாவை மெல்லிய வில்லைகளாகச் சீவித் தருவதும் உண்டு. இறாலில் கிளைசின் போன்ற அமினோ அமிலங்கள் இருப்பதால் அதன் தசையில் இயல்பாகவே ஓர் இனிப்பு இருக்கிறது. இனிப்போ வழவழப்போ மிகுந்த ஒயின் அதை மூடிவிடும். துவர்ப்பு மிகுந்த சிவப்பு ஒயின் கசந்துபோகும். சிவப்பு ஒயினுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது: அதில் கரைந்துள்ள இரும்பு, கடலுணவின் கொழுப்பைத் தூண்டி மீன்கவிச்சியை எழுப்புகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள். மன்சனீயாவில் இனிப்பும் வழவழப்பும் ஏற்கெனவே ஏட்டின் வயிற்றுக்குள் போய்விட்டன. துவர்ப்பு என்று சொல்லுமளவுக்கு எதுவும் இல்லை. ஆகவே இறாலின் இனிப்புத் தனித்துத் தெரிகிறது. இந்த ஒயினில் கடலின் உப்பு இருக்கிறது என்று ஊரார் சொல்வதற்கும், உப்புக்காற்று ஓக் மரத்தைத் துளைத்து வந்தது என்பதைவிட, இனிப்பு இல்லாத நாக்கு மற்றதைக் கூர்ந்து உணர்கிறது என்பதே பொருத்தமான விளக்கமாக எனக்குப் படுகிறது.

இதையே மறுபுறத்திலிருந்து காட்டும் சான்று அதே கிடங்கிலேயே கிடைக்கும். அதே திராட்சையின் ஒயினை 17 சதவீதத்துக்கு மேல் உயர்த்திவிட்டால் ஏடு வராது; காற்றுபட்டு அது கருஞ்செம்பழுப்பாகி, கிளிசராலை இழக்காமல் கனத்து, ஒலோரோசோ என்னும் வேறொரு ஒயினாகிவிடும். அது இறாலுக்கு ஆகாது, மாட்டுவால் குழம்புக்கு ஆகும். தட்டில் இருப்பது நீந்துவதானால் ஃபினோ, பறப்பதானால் அமொந்தில்யாதோ, ஓடுவதானால் ஒலோரோசோ என்று ஹெரேஸில் சொல்வார்கள். நடுவில் உள்ள அமொந்தில்யாதோ, சில ஆண்டுகள் ஏட்டின் கீழ் இருந்து, ஏடு செத்தபின் காற்றில் முதிர்ந்தது.

புட்டியில் அடைக்கும்போது ஏட்டை வடிகட்டிவிடுகிறார்கள். தக்கையைத் திறந்த நொடியிலிருந்து ஆக்சிஜனைத் தின்ன ஆளில்லை. குளிர்பெட்டியில் வைத்தாலும் சில நாட்களில் பச்சை ஆப்பிள் மணம் மங்கி, நிறம் கருக்கத் தொடங்கும். அரைப் புட்டிகளில் இது அதிகம் விற்பதும், பாஹோ தெ கியாவின் மேசைகளில் இறால் தட்டு காலியாகும்போதே புட்டியும் காலியாகிவிடுவதும் அதனால்தான்.